எம்ஜிபிக்கு எந்த கியர்பாக்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1965 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை கியர்பாக்ஸ் இல்லாமல் வாங்கியிருக்கிறேன். இரண்டு பேர் கியர்பாக்ஸ் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே 4 கியர், இரண்டுமே ‘எம்ஜிபி ஒரிஜினல்’ என்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், தக்கலை

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 1962 முதல் 1967 வரை வந்த எம்ஜிபியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது. இதை மூன்று சிங்க்ரோ பெட்டி என்பார்கள். 1967 கடைசியில் மார்க் 2 என்ற இரண்டாம் வடிவம் வந்தபோதுதான் நான்கு கியருக்கும் சிங்க்ரோ வந்தது. உங்கள் சேஸிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கினால் உங்களுக்கு வேண்டியது மூன்று சிங்க்ரோ. ஜிஎச்என்4 என்றால் மார்க் 2.

வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எண்ணிப் பாருங்கள். பெட்டியை மேசையில் வைத்து முதல் கியரில் போடுங்கள். கிளட்ச் பக்க ஷாஃப்டிலும் பின் ஃபிளேஞ்சிலும் (பின்பக்கம் வெளியே தெரியும் வட்டத் தகடு) சாக்பீஸ் கோடு இழுத்துவிட்டு, முன் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பின் ஃபிளேஞ்ச் சரியாக 10 சுற்று வரும்போது முன் ஷாஃப்ட் 36 சுற்றைத் தாண்டியிருந்தால் மூன்று சிங்க்ரோ (விகிதம் 3.64). முப்பத்தைந்தை எட்டாமல் முப்பத்துநாலரையில் நின்றால் நான்கு சிங்க்ரோ (3.44). இரண்டாவது, மூன்றாவது கியர்களில் வித்தியாசம் மிகக் குறைவு. அவற்றை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

‘நான்கு சிங்க்ரோதானே நல்லது, அதையே மாட்டிவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். பெட்டி நல்லதுதான். ஆனால் மார்க் 2-க்காக வண்டியின் நடுச் சுரங்கத்தையே (இரு இருக்கைகளுக்கும் நடுவே பெட்டியை மூடும் தகடு) அகலப்படுத்தினார்கள். பழைய பாடியில் தகடு வெட்டாமல் அது ஏறாது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள பின்தகடு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாமே வேறு. பெட்டியின் விலையைவிட கூடவரும் சாமான்களின் விலை அதிகமாகிவிடும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. மூன்று சிங்க்ரோ பெட்டியிலேயே இரண்டு வகை உண்டு. எஞ்சின் எண் 18ஜி, 18ஜிஏ என்றால் கிராங்க்கில் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) 3 மெயின் பேரிங். 1964 கடைசியில் வந்த 18ஜிபி-யில் 5 மெயின் பேரிங். கிராங்க் முனையிலுள்ள பைலட் புஷ் (பெட்டியின் முன் ஷாஃப்ட் முனை உட்காரும் வளையம்) முந்தையதில் சிறியது, பிந்தையதில் பெரியது. 1965 வண்டியில் 18ஜிபி இருக்க வேண்டும். எஞ்சின் எப்போதாவது மாறியிருக்கலாம் என்பதால் பிளாக்கின் வலப்பக்கத் தகட்டில் எண்ணைப் பாருங்கள். பெரிய முனையுள்ள ஷாஃப்ட் சிறிய புஷ்ஷில் நுழையாது. நுழையவில்லையே என்று போல்ட்டை இறுக்கி இழுத்தால் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் பெட்டியின் முன் உறை) காது உடையும். மாறாக, சிறிய முனை பெரிய புஷ்ஷுக்குள் ஆடும். கிளட்ச் உதறும், முன் பேரிங் சீக்கிரம் போகும். இதற்கு மட்டும் வழியுண்டு: லேத்தில் வெண்கலத்தில் அளவுக்கு ஒரு புஷ் கடைந்து போடலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே வெர்னியர் காலிப்பரால் ஷாஃப்ட் முனையை அளந்துவிடுங்கள்.

கேள்வி: எம்ஜிபி எஞ்சினும் அம்பாசடர் எஞ்சினும் ஒரே குடும்பம், அம்பாசடர் பெட்டியே போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: குடும்பம் ஒன்றுதான், இரண்டும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் ‘பி’ வரிசை. அம்பாசடரில் 1489 சிசி, எம்ஜிபியில் 1798 சிசி. ஆனால் பழைய அம்பாசடரின் கியர் கம்பி ஸ்டீயரிங்கில் இருக்கிறது. எம்ஜிபிக்கோ பெட்டியின் தலையிலேயே குச்சி வேண்டும். அந்த இணைப்பை மாற்றப் போனால் வேலை முடியாது. இசுசு எஞ்சின் வந்த அம்பாசடரின் 5 கியர் பெட்டியை நினைக்கவே வேண்டாம், அது வேறு ஜாதி. முதல் கியரில் போட வண்டி நிற்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அம்பாசடர் ஓட்டிய கைக்குத் தானாக வரும்.

கேள்வி: என்னுடையது 1972 எம்ஜிபி. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) உள்ள பெட்டி மாட்டிய பிறகு ஸ்பீடோமீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது. பழுதா?
– வாசகர், குளச்சல்

பதில்: பழுதில்லை, ஜோடி தவறு. உங்கள் மீட்டர் முகத்தின் கீழே சிறிய எழுத்தில் 1280 என்றிருக்கும். மைலுக்கு கேபிள் சுற்ற வேண்டிய எண்ணிக்கை அது. ஓவர்டிரைவின் லேபிள் கருப்பு என்றால் 1280-க்குரியது, நீலம் என்றால் பிற்கால வண்டியின் 1000. நீல லேபிளுடன் உங்கள் மீட்டர் சேர்ந்தால் உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது 47 காட்டும். 1000 என்று எழுதிய மீட்டரை மாற்றுங்கள். பெட்டியைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: பெட்டிக்கு இபி 90 கியர் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இதற்கு 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில்தான். நான்கு சிங்க்ரோ பெட்டிக்கு சுமார் 3 லிட்டர், ஓவர்டிரைவ் இருந்தால் 3.4. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் எதையும் கலக்காதீர்கள், ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் வழுக்கும்.

கேள்வி: கடலோரத்தில் வெகுநாள் கிடந்த பெட்டி. அலுமினியத்தில் வெள்ளை பூத்து போல்ட்டுகள் அசையவில்லை.
– வாசகர், முட்டம்

பதில்: உப்புக்காற்றில் அலுமினியமும் எஃகும் சேர்ந்தால் இப்படித்தான். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் விட்டு ஊறவைத்து, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திரும்பப் பூட்டும்போது கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிக்காதீர்கள். இவை அங்குல மரை. மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம்.