குடோனில் மட்டும் நிம்மதியாக இருந்தேன்

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன், வயது 27, பி.காம். முடித்திருக்கிறேன். ஆட்டிசம் இருப்பது கல்லூரிக் காலத்தில்தான் தெரியவந்தது. மதுரை மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். ஒலிபெருக்கிச் சத்தமும், ஒரே நேரத்தில் நாலைந்து பேர் கேட்கும் கேள்விகளும் சேர்ந்து, மதியத்துக்குள் எதுவுமே காதில் ஏறாத நிலைக்கு என்னைக் கொண்டுபோய்விடும். ஆடித் தள்ளுபடியின்போது குடோனில் ஆள் போதாமல் என்னை அங்கே அனுப்பினார்கள். சேலைக் கட்டுகளின் எண்களைப் பில்லோடு ஒப்பிட்டுக் குறிக்கும் வேலை. மாலைவரை அலுப்பே தெரியவில்லை. விலைச்சீட்டு மாறியிருந்த ஒரு கட்டை நான்தான் கண்டுபிடித்தேன். ஆடி முடிந்ததும் மறுபடி விற்பனைக்கே அனுப்பியதால் நின்றுவிட்டேன். இப்போது நேர்முகத் தேர்வில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றாலே வாயடைத்துப் போகிறது. எனக்கேற்ற வேலை கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு வேலை செய்ய வராது என்பதற்கு இக்கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. ஒரே கடையில் ஒரு வேலை உங்களை வதைத்தது, இன்னொரு வேலையில் பிறர் கவனிக்காததை நீங்கள் கவனித்தீர்கள். ஆகவே “எந்த வேலையானாலும்” என்று தேடாமல், மருந்து மொத்த விற்பனை நிலையங்களில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சரிபார்ப்பது, ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர்களை ஒப்பிடுவது, நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலிடுவது போன்றவற்றையே குறிவைத்துத் தேடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு முன்பே, “பேசிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது எனக்கு எளிது, ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள்” என்று எழுதி அனுப்புங்கள். (சரக்குக் கணக்குக்கு ஆள் எடுக்கப் பேச்சுத் திறனை ஏன் அளக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) குடோன் பொறுப்பாளரிடம் சான்றுக் கடிதம் பெற்று அதனுடன் இணைத்துவிடுங்கள். ஆட்டிசம் இருப்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சொல்வதாக இருந்தால் பெயரோடு நிறுத்தாமல், வேலைகளை எழுத்தில் தர வேண்டும், சத்தமில்லாத ஓர் இடம் வேண்டும், இடைவேளை இன்ன நேரம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என உங்கள் தேவையைத் தெளிவாகக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசுப் பணியிடங்களில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதில் 1 சதவீதத்தைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதை மட்டும் நம்பித் தனியார் வேலைத் தேடலை நிறுத்திவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்துக்குப் போகும்போது அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உங்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளை அவர்களும் உடனிருந்து கேட்டுக்கொள்ளட்டும்.