மகள் கப்பல் ஊழியர்களைப் பற்றி ஆராய விரும்புகிறாள், விடலாமா?

"கப்பலைப் பற்றிய படிப்பு என்கிறாள், ஆனால் கப்பலில் வேலை இல்லையாம். அப்புறம் எதற்கு அது?" என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. நியாயமான கேள்விதான்.

உலக வணிகச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. அந்தக் கப்பல்களில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வீட்டோடு பேச முடிகிறதா, தூக்கம் கிடைக்கிறதா என்று ஆராய்வதுதான் இந்தத் துறை. சமூகவியல் படித்த பிள்ளைக்குப் பொருந்தாத பாதை அல்ல. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 1995லேயே இதற்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கியது.

இந்த ஆய்வு எதற்கு என்பதற்கு ஓர் உதாரணம். 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதில் ஒரு பகுதி தொடர்ச்சியாக 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டாம் அதிகாரி ஒருவர் நள்ளிரவு 12 முதல் 4 வரை வாட்ச் (கப்பலைக் கவனித்துச் செலுத்தும் முறைப்பணி) முடித்துப் படுக்கிறார். கப்பல் துறைமுகத்தை நெருங்குகிறது, 6 மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். அன்று 10 மணி நேர ஓய்வு கிடைக்காமல் போனாலும், ஓய்வு நேரப் பதிவில் கணக்கு சரியாக இருக்கும். இப்படிப் பதிவுகளைத் திருத்தி எழுதுவது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதை, ஸ்வீடனின் மால்மோ நகரிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. காகிதத்துக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பிடிப்பவர்தான் ஆய்வாளர்.

வேலைக்கு வருவோம். பல்கலைக்கழகங்களில் நிரந்தர இடங்கள் குறைவு, இதை மறைக்க மாட்டேன். ஆனால் தொழிற்சங்கங்கள், கப்பல் ஊழியர் நலத் தொண்டு அமைப்புகள், கப்பல் நிறுவனங்களின் ஊழியர் பிரிவுகள், அரசின் கடல்சார் துறைகள் என்று வாசல்கள் உண்டு. புள்ளியியலும் தெரிந்து, நேர்காணலும் எடுக்கத் தெரிந்தால் கை ஓங்கும்.

களப்பணிக்காகச் சில வாரங்கள் கப்பலில் தங்க நேரலாம். கடலோடிகளில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை என்பதால் உங்கள் கவலை புரிகிறது. சேரும் முன்பே, களத்தில் மாணவிகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு, சிக்கல் வந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். பெரும்பாலான ஊழியர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மனம் திறந்து பேசியவரின் பெயர் வெளியானால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போகலாம். அந்த ரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

விண்ணப்பிக்கும் முன் ஏதாவதொரு துறைமுகத்தின் கப்பல் ஊழியர் நல மையத்தில் இரண்டு மூன்று மாதம் தொண்டராக இருக்கட்டும். பல மாதம் கழித்துக் கரையில் கால் வைத்தவர், முதலில் வீட்டுக்குப் பேசத்தான் அங்கே வருவார். பேசி முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.