மாமனார் களி கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 61. இரைப்பையில் புற்றுநோய் என்று முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு, குடலை உணவுக்குழாயோடு இணைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வியர்த்து, படபடவென்று வந்து படுத்துவிடுகிறார். களிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். பின்னால் சிக்கல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது சிஸ்டர்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் களியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தர்மபுரிப் பக்கம் களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே தொண்டையில் இறக்கிவிடுவோம். அதைப் பிசைந்து கரைக்க உள்ளே இரைப்பை இருந்தது. இப்போது அவருக்கு அது இல்லை. விழுங்கும் உருண்டை நேராகத் தையல் போட்ட இடத்தில் போய் நிற்கும். அதனால் இப்போதைக்குக் களி வேண்டாம். அதே கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெல்லம் வேண்டாம். டாக்டர் கெட்டி ஆகாரத்துக்குச் சரி என்று சொன்ன பிறகு, மென்று தின்னப் பழகினால் சின்னத் துண்டு தரலாம். 61 வருடப் பழக்கம் அது, கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அந்த வியர்வைக்கு வருகிறேன். முன்பு இரைப்பை சாப்பாட்டைத் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விட்டது. இப்போது எல்லாம் மொத்தமாகக் குடலில் கொட்டுகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வயிற்றைப் புரட்டல், பேதி வருவது இதனால்தான். இனிப்பு போனால் இன்னும் மோசம். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி மயக்கமே வரலாம். அப்போது கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி, உடனே ஒரு இட்லியோ முட்டையோ கொடுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு இட்லி, கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை போதும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி முன்னால் அல்லது பின்னால் குடிக்கட்டும். சாப்பிட்டதும் தலையணை உயர்த்திச் சாய்ந்து உட்காரட்டும். மட்டமாகப் படுத்தால் பித்தநீர் மேலே ஏறி நெஞ்சு எரியும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் குளுக்கோஸ் பாக்கெட்டும் மாம்பழ ஜூஸும் வாங்கி வருவார்கள். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள், ஆனால் அவருக்கு ஆகாது. வார்டில் நான் கட்டிலுக்கு அடியில் பார்க்கிற முதல் பை அதுதான்.

எல்லோரும் கோட்டைவிடுகிற விஷயம் வைட்டமின் பி12 ஊசி. அந்தச் சத்து உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பை போனதும் அதுவும் போய்விட்டது. ஈரலில் ஏற்கனவே சேர்ந்திருப்பது சில வருடம் ஓட்டும், அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பாதம் மரத்து, நடை தள்ளாடி, மறதி வந்து நிற்கும்போது வயசாகிவிட்டது என்பார்கள். நரம்பு கெட்ட பிறகு முழுசாகத் திரும்புவது கஷ்டம். ஆயுள் முழுக்க டாக்டர் சொன்ன இடைவெளியில் ஊசி போட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவையுங்கள். முதல் சில மாதம் எடை குறையும். நிற்காமல் குறைந்துகொண்டே போனால் உடனே காட்டுங்கள்.

காய்ச்சல், வேகமான நாடி, மூச்சுத் திணறல், வயிற்றிலோ நெஞ்சிலோ புது வலி இருந்தால் இணைப்பில் கசிவு இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கலாம். அது வராமலிருக்கத் தினமும் நடக்கவிடுங்கள். வயிறு முறுக்கி வலித்து, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். இது வருடங்கள் கழித்தும் வரும். விளக்கெண்ணெய், ஓமத் தண்ணீர் என்று எதுவும் கொடுக்காதீர்கள், வாய்வழியாக ஒன்றுமே வேண்டாம். இந்த மூன்றில் எது வந்தாலும், இரவு எத்தனை மணியானாலும் 108க்குப் போன் போட்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை கையோடு எடுத்துப்போய், இரைப்பை எடுத்துக் குடல் இணைத்திருப்பதைப் பார்க்கிற முதல் டாக்டரிடமே சொல்லுங்கள்.