பின்ட்ஸோலோவின் தெற்குச் சுவர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அம்மாவோடு இத்தாலி போய்வந்தேன். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது, அம்மாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, டிரென்டோவிலிருந்து பஸ் பிடித்துப் பின்ட்ஸோலோவுக்கும் போனோம். சான் விஜிலியோ தேவாலயம் பூட்டியிருந்தது. ஒன்றும் பார்க்க முடியவில்லை. வெளிச்சுவர் முழுக்க எலும்புக்கூடுகள். அம்மா மனசு சங்கடப்படுமே என்று உடனே கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். இம்மாதிரி ஊர்களில் சாவி யாரிடம் கேட்பது? ரோம், ஃபிளாரன்ஸ் பார்த்தவர்களுக்கு இந்தச் சின்ன ஊர்கள் தேவைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் செய்தி வருத்தம் தந்தது. அம்மாவை வீட்டோடு அடைத்துவைக்காமல் அவ்வளவு தூரம் அழைத்துப்போனீர்களே, அதற்கு எத்தனை பிள்ளைகளுக்கு மனசு வரும்?

இனி திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்கிறீர்கள். ஆல்ப்ஸ் மலையின் மிகப் பெரிய பொக்கிஷங்களில் ஒன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பூட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் தாண்டிவந்த அந்த எலும்புக்கூடுகள் 1539-இல் சிமோனே பஸ்கேனிஸ் வரைந்த சாவின் நடனம். இருபது மீட்டருக்கு மேல் நீளும் ஓவியம். பெர்கமோ பக்கத்து அவெராரா என்ற மலையூர்க்காரர் அவர். தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராய் நடந்து தேவாலயச் சுவர்களில் படம் எழுதிய குடும்பம். அடுத்த நூற்றாண்டில் அந்த வம்சத்தில் வந்த எவாரிஸ்டோ, தூசி படிந்த வீணை போன்ற வாத்தியங்களை வரைந்தே பெயர் வாங்கினார். பின்ட்ஸோலோ சுவரும் வாத்தியக்காரர்களோடுதான் தொடங்குகிறது: மூன்று எலும்புக்கூடுகள், முதலாவது தலையில் கிரீடத்தோடு உட்கார்ந்து துருத்திக்குழல் ஊதுகிறது. எல்லா ஆளுக்கும் நானே எஜமானி என்று சாவு அங்கே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள், லத்தீனில் அல்ல, ஊர்ப் பேச்சில்.

பிறகு சிலுவையில் கிறிஸ்து. அவருக்குப் பின்னால் வரிசை. போப்பாண்டவர் முதலில், கர்தினால், பிஷப், பாதிரியார், துறவி. அப்புறம் பேரரசர், அரசர், வைத்தியர், போர்வீரர், பணக்காரர், பிச்சைக்காரர். பெண்களும் உண்டு. கடைசியில் ஒரு குழந்தை. ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு இழுத்துப்போகிறது. சீமானும் ஏழையும் ஒரே சுவரில், ஒரே அளவில்.

இதை ஏன் வெளியே வரைந்தார்கள்? பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருந்ததைப் பார்த்தீர்கள்தானே. புதைத்துவிட்டு வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் போன அன்று ஒரு மூதாட்டி அங்கே குழாயடியில் பச்சைப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு கல்லறையின் பூச்செடிக்கு ஊற்றினார். கல்லில் பதித்திருந்த புகைப்படத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். திரும்பும்போது எலும்புக்கூடுகளின் அடியிலேயே நடந்துபோனார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அவருக்கு அது பயங்காட்டும் படமில்லை, வழியிலிருக்கும் சுவர்.

உங்கள் அம்மாவுக்கு அது பயங்காட்டும் என்று முடிவுகட்டியது யார்? நீங்கள். எங்கள் அத்தைக்கு இதையே செய்தோம். அவருடைய தம்பி வெளியூரில் இறந்ததை, ‘இதயம் தாங்காது’ என்று மாதக்கணக்கில் மறைத்தோம். போன் கெட்டுப்போச்சு, வெளிநாடு போயிருக்கான் என்று ஆளுக்கொரு பொய். வருஷா வருஷம் தம்பிக்கென்று ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் போடுவார் அத்தை. அந்த வருஷம் போடவில்லை. ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் சொன்னபோது, “எனக்கு அப்பவே தெரியும்டா. நீங்க அழுதுடுவீங்களேன்னு கேக்கலை” என்றார். எங்களுக்காக அவர் தனியாகத் துக்கம் காத்திருக்கிறார். வயதானவர்களிடம் சாவை மறைக்கும் இந்த நம் வீட்டு நாகரிகத்தின் மேல் எனக்கு அன்றிலிருந்து தீராத கோபம். அவர்கள்தான் நம்மைவிட அதிகம் வழியனுப்பி வைத்தவர்கள். எட்டு மாதமாக அப்பாவைப் பற்றி அம்மாவோடு எத்தனை முறை பேசினீர்கள்? ‘மாறுதலாக இருக்கட்டும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைத்தான் கேட்கத் தோன்றியது.

ரோமா, சின்ன ஊர்களா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன், இரண்டும் வெவ்வேறு பசி. சாவிக்கு ஊர்த் தேவாலயப் பங்கு அலுவலகத்தையோ சுற்றுலா அலுவலகத்தையோ கேட்கலாம், கோடையில் கேட்காமலே திறந்திருக்கும் நாட்களும் உண்டு. ஆனால் அடுத்த முறை பக்கத்து ஊர் காரிஸோலோவுக்கும் போங்கள். அங்கே பாறைமேல் நிற்கும் சான்டோ ஸ்டெஃபனோவில் இதே சிமோனே, இதற்கு இருபது வருஷம் முந்தி, 1519-இல் வரைந்த சாவின் நடனம் இருக்கிறது. அதுவும் வெளிச்சுவரில்தான். நடக்கிற தூரம். அம்மாவுக்கு ஏற்றம் கஷ்டமென்றால் மெதுவாகப் போங்கள்.

அதுவரை, உங்கள் போனில் அந்தச் சுவரின் படம் ஒன்றாவது இருக்குமே. அம்மாவிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.