கிறுக்கவில்லை, வரைந்தார்

கேள்வி: அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் ரூப் கோல்ட்பர்க் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, படம் கிறுக்கிப் பிழைத்தாராமே! படித்த படிப்பு வீண்தானே?
(வாசகர், கரூர்)

பதில்: முதலில் 'கிறுக்கி' என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள். பாட்டு என்றால் இயற்றுகிறார்கள், சிலை என்றால் வடிக்கிறார்கள், கார்ட்டூன் மட்டும் கிறுக்குகிறார்களா? இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. இன்றும் விடப்போவதில்லை.

கோல்ட்பர்க் பொறியியலுக்குப் போனது அப்பாவின் விருப்பத்துக்காக. 1904-ல் பெர்க்லியில் சுரங்கப் பொறியியல் பட்டம். அப்புறம் சான்ஃபிரான்சிஸ்கோ நகராட்சியில் தண்ணீர், சாக்கடைக் குழாய் வேலை. ஆறே மாதம்! பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் வரைய வந்துவிட்டார். 1907-ல் நியூயார்க். மாடியிலிருந்து விழுந்து கிடப்பவனைப் பார்த்து "அடிபட்டதா?" என்று கேட்கிற ரகக் கேள்விகளையும், அதற்கான வெடுக் பதில்களையும் வரைந்தே பேர் வாங்கினார். 1930-ல் சினிமாவுக்கும் நகைச்சுவை எழுதினார்.

படிப்பு எங்கே போனது என்கிறீர்களா? அவர் வரைந்த வாய் துடைக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் ஒரு நூல் இழுபடும். அகப்பை ஒன்று பிஸ்கட்டை வீசும். கிளி அதன் பின்னால் தாவும். அது உட்கார்ந்திருந்த கொம்பு சாய்ந்து, விதையெல்லாம் வாளியில் கொட்டும். வாளி கனத்துக் கயிற்றை இழுக்க, லைட்டர் பற்றும். வாணம் சீறிக் கிளம்ப, அரிவாள் இன்னொரு நூலை அறுக்கும். துணி கட்டிய ஊசல் ஆடி, ஐயாவின் வாயைத் துடைத்துவிடும்! ஒவ்வொரு நூலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பார்க்கலாம். ஒரு நூல் அந்தரத்தில் தொங்கினாலும் சிரிப்பு போய்விடும். யோசனைதான் கிறுக்கு, கோட்டில் கிறுக்கலே கிடையாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் காரியங்களுக்கு அவர் பெயரையே 1931-ல் அமெரிக்க அகராதியில் சேர்த்தார்கள்.

1948-ல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்த படத்தில் கிளியும் இல்லை, வாளியும் இல்லை. பாதாளத்தின் விளிம்பில் ஓர் அணுகுண்டு சாய்ந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு சின்ன வீடு, ஒரு குடும்பம். எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். எடை எங்கே இறங்கும், எது எப்போது சரியும் என்று படித்தவர் வரைந்த படம் அது.