ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் ஏன் இவ்வளவு விலங்குகள்? அதெல்லாம் வெறும் அலங்காரம்தானா?

"உகியோ-எ படங்களில் பூனை, மீன், குருவி என்று இவ்வளவு வருகிறதே, இதை அலங்காரம் என்று சொல்வதா, கலை என்று சொல்வதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (உகியோ-எ என்பது அந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள்தான்.) அந்த "அலங்காரம்" என்ற வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நீங்கள் ஓவியக் கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாத்தியார் யாராவது "பூனையும் மீனும் காலண்டருக்குத்தான் ஆகும்" என்று சொல்லியிருப்பார். இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம்.

நான் சிவகாசிக்காரன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வரைந்தே தலை நரைத்தவன். ஜப்பானிய மொழி தெரியாது, கலை வரலாற்றில் பட்டமும் கிடையாது. "இவர் யார் இதைப் பேச" என்று கேட்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கட்டை, மை, காகிதம், சரக்குப் போகுமா போகாதா என்ற கவலை, இந்த நாலும் எனக்குத் தெரியும். உகியோ-எ படங்களும் இந்த நாலில் பிறந்தவைதான்.

ஒரு முறை பழைய லேபிள்களின் மூலப்படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு நகரத்தில் நடந்த ஓவியக் காட்சி ஒன்றுக்குப் போனேன். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிளி, புலி, மாடாவே இருக்கே, உங்க பாணி என்ன?" என்றார். "பாணி கிடக்கட்டும் சார். எழுத்து தெரியாத ஒரு அம்மா கடையில போய் 'கிளிப் பெட்டி குடுப்பா' என்று கேட்டு வாங்கணும். அதுக்குத்தான் கிளி" என்றேன். சிரித்துக்கொண்டே கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில். அதற்கு முன் இந்தியாவுக்குப் பெட்டிகள் கப்பலில் வந்தன, ஜப்பானிலிருந்தும் நிறைய. அந்த லேபிள்களிலும் புலியும் யானையும் உண்டு. எங்கள் ஊர் வேலைக்கு அவை ஒரு வகையில் மூத்த அண்ணன் என்று அந்தப் பெரியவரிடம் சொல்ல நினைத்தேன், அவர் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தப் படங்களில் விலங்கு சும்மா அழகுக்கு நிற்பதில்லை. மனிதனை வரைந்தால் வம்பு, வரைந்தால் விற்காது, அல்லது மனிதனால் சொல்ல முடியாது என்கிற இடத்தில் விலங்கு வந்து அந்த வேலையைப் பார்க்கிறது.

குனியோஷி என்ற ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1797இல் பிறந்து 1861இல் இறந்தவர், பூனைப் பைத்தியம். கிமோனோவுக்குள் குட்டியை வைத்துக்கொண்டே வரைவார் என்று அவருடைய சீடர்கள் வழியாக வந்த கதை. 1842இல் ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு சீர்திருத்தம் என்ற பெயரில் கபுகி நாடக நடிகர்கள், யோஷிவாரா என்ற விலைமாதர் பேட்டையின் பெண்கள் படங்களை அச்சிடக் கூடாது என்றது. எத்தனை நிறம், என்ன விலை என்பதற்கும் வரம்பு வைத்தது. நடிகர் படம் என்றால் அச்சுக்கடைக்குச் சோறு. அதைப் பிடுங்கினால் என்ன செய்வது? நடிகரின் முகக்களையோடு பூனை வந்தது. தங்க மீன்கள் மனிதர்கள்போல எழுந்து நின்று திரிந்தன. 1846இல் யோஷிவாரா மாளிகை ஒன்றை மூன்று தாள் அகலத்துக்கு வரைந்தார், உள்ளே இருக்கும் பெண்களும் வந்துபோகும் வாடிக்கையாளர்களும் குருவிகள். உடை மனிதருடையது, தலை குருவியுடையது. "நான் எங்கே பெண்களை வரைந்தேன், குருவியைத்தானே வரைந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்த எடோக்காரனுக்கு (எடோ என்பது இன்றைய டோக்கியோ) எல்லாம் புரியும், அதிகாரிக்கும் புரிந்திருக்கும். இன்னொரு படத்தில் நடிகர் முகங்களைச் சுவரில் யாரோ கிறுக்கியதுபோல வரைந்து, நடுவில் ஒரு பூனையை ஆடவிட்டிருக்கிறார். சுவரில் கிறுக்கினவனை யார் போய்ப் பிடிப்பது!

ஆனால் என் கணக்கில் இந்தப் பூனைகளைவிடப் பெரிய ஆள் கெளுத்தி மீன்தான். 1855 நவம்பர் 11 இரவு எடோவில் பூகம்பம். வீடுகள் சரிந்தன, தீப்பிடித்தது, பல ஆயிரம் பேர் செத்தார்கள். பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி கிடக்கிறது, காஷிமா தெய்வம் அதன் தலையைக் கல்லால் அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது அங்கே நம்பிக்கை. பூகம்பம் வந்தது அவர்கள் கணக்கில் பத்தாம் மாதம், தெய்வங்களெல்லாம் இஸுமோ கோயிலில் கூட்டம் போடப் போயிருக்கும் மாதம். காவல்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மீன் வாலை ஆட்டிவிட்டது. சில நாட்களிலேயே கெளுத்திப் படங்கள் தெருவில் விற்பனைக்கு வந்துவிட்டன. வரைந்தவர் கையெழுத்து இல்லை, தணிக்கை முத்திரையும் இல்லை.

அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் லேபிள்களை நினைத்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. யோஷிவாராவின் பெண்களும் ஆட்களும் சேர்ந்து ஒரு பெரிய கெளுத்தியைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறார்கள். அங்கே செத்தவர்கள் ஏராளம், கோபம் நியாயம்தான். மேல் மூலையிலிருந்து சிலர் ஓடி வருகிறார்கள், அடிக்காதே என்று தடுக்க. யார் என்று பார்த்தால் தச்சர் போன்ற கட்டட வேலைக்காரர்கள். பூகம்பம் முடிந்தால் அவர்களுக்குக் கூலி கூடும், வேலை குவியும். மீனைத் திட்டுகிறவனும் அங்கே, மீனுக்கு நன்றி சொல்கிறவனும் அங்கே, ஒரே தாளில். வேறு படங்களில் பணக்காரர்கள் பதுக்கின காசை அந்தக் கெளுத்தி கக்க வைக்கிறது. இதை ஒரு மனிதனை வைத்து வரைந்திருந்தால் அச்சிட்டவன் ஜெயிலில் இருந்திருப்பான். மீனை வரைந்தும் ரொம்ப நாள் தாங்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அரசு தடுத்து, கட்டைகளை அழிக்கச் சொல்லிவிட்டது. அதற்குள் 200க்கு மேற்பட்ட வகைகள் வந்துவிட்டன. கட்டை செதுக்கி, மை காய்ந்து, தெருவுக்கு வர வேண்டிய வேலை இது. அந்த வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஹிரோஷிகே என்ற இன்னொரு ஓவியரின் பூனையை மட்டும் நேரில் பார்த்திருக்கிறேன். மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். நான் போயிருந்தபோது ஹராஜுகுவில் இருக்கும் ஓத்தா நினைவு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. பழைய செடிச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், அதனால்தான் விளக்கை அடக்கி வைத்து, படங்களையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். 1857இல் வந்த படம் அது. ஒரு வெள்ளைப் பூனை ஜன்னல் திட்டில் நமக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பிச் சட்டத்துக்கு வெளியே அசாகுசா வயல், தூரத்தில் ஃபுஜி மலை, வயலின் நடுவே திருவிழாவுக்குப் போகும் கூட்டம் எறும்பு வரிசையாக. திட்டில் ஒரு துண்டும் கிண்ணமும். இடப்பக்கம் தரையில் திருவிழாவில் வாங்கிய கொண்டை ஊசிகள் காகிதத்திலிருந்து எட்டிப் பார்க்கின்றன. அது யோஷிவாரா அறை. பெண்ணும் தெரியவில்லை, வந்தவனும் தெரியவில்லை. பூனை மட்டும்தான்.

நான் பார்த்தது வேறு. பக்கவாட்டில் நகர்ந்து நின்றபோது அந்தப் பூனையின் உடம்பு தாளிலிருந்து லேசாக எழும்பியிருந்தது. வெள்ளை மை கிடையாது, வெறும் காகிதம். மை தடவாத கட்டையில் தாளை வைத்து அழுத்தி எடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை எம்போஸ் செய்கிறோமே, அதே வேலை, மெஷின் இல்லாமல். "அப்பா, கண்ணாடியில மூக்கு இடிக்குது" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காவலுக்கு நின்ற பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்து தேடியது ரிஜிஸ்டரை, அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. கட்டையின் ஒரு மூலையில் ஒரு வெட்டும், அதே ஓரத்தில் தள்ளி நேர்கோடாக இன்னொரு வெட்டும் இருக்கும். அந்த இரண்டில் தாளைப் பொருத்தி வைத்து, மேலே வட்டத் தேய்ப்பானால் கையால் தேய்ப்பார்கள். ஈரத் தாள் விரியும், சுருங்கும். ஆப்செட்டில் நாலு கலரை ஓட்டும்போதே ரிஜிஸ்டர் விலகி மெஷின்மேனோடு நான் போட்ட சண்டைகள் உண்டு. இங்கே ஒரு முடி விலகவில்லை.

ஹிரோஷிகே விலங்கைத் தடுப்புச் சுவராகவும் பயன்படுத்துவார். அந்தப் பூனைப் படம் வந்த எடோ காட்சிகள் வரிசையில் ஷின்ஜுகு என்ற ஊரைப் பார்க்கிறோம் என்றால், முன்னால் பெரிதாக நிற்பது குதிரையின் பின்புறம், காலில் வைக்கோல் செருப்பு, கீழே லத்தி. அந்தக் கால்களுக்கு நடுவேதான் ஊர். இன்னொன்றில் ஒரு கழுகு மேலிருந்து பனிமூடிய சதுப்பு நிலத்தைப் பார்க்கிறது, நம்மைப் பறக்கவிட்டதுபோல. இதை அலங்காரம் என்று சொல்கிறவர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

அப்புறம் வேடிக்கைக் காட்சிப் படங்கள். 1821இல் டச்சுக்காரர்கள் நாகசாகிக்கு ஒட்டகம் கொண்டுவந்தார்கள், 1824இல் எடோவில் காட்டினார்கள், ஒட்டகப் படம் விற்றது. 1863இல் எடோவின் ரியோகோகுவில் யானை, யானைப் படம் விற்றது. புலி அந்த நாட்டில் கிடையாது என்பதால் சிறுத்தையைப் பெண் புலி என்று நம்பினார்கள். இவையெல்லாம் அன்றைய செய்தித்தாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், கலையாக எனக்குப் பெரிய மதிப்பு இல்லை.

இதற்குள் யாராவது "பூவும் பறவையும் வரையும் தனி மரபே இருக்கிறதே, எல்லாம் அரசியலா?" என்று கமெண்ட் போடுவார்கள். இல்லை ஐயா. உதமாரோ என்ற ஓவியர் 1788இல் வெளியிட்ட பூச்சிப் புத்தகத்தில் வெட்டுக்கிளியும் பாம்பும் பிறந்த அழகோடு இருக்கின்றன. அதன் பின்னுரையில் அவருடைய குரு செகியென், சின்ன வயதில் உதமாரோ தும்பியை நூலில் கட்டியும் பூச்சியை உள்ளங்கையில் வைத்தும் விளையாடியதை எழுதியிருக்கிறார். (தும்பி வாலில் நூல் கட்டாத பையன் நம் ஊரிலும் யார்?) ஆனால் அதிலும் பக்கத்தில் அச்சிட்ட கவிதைகள் காதல் கவிதைகள். இருபதாம் நூற்றாண்டில் ஒஹாரா கோசோன் வரைந்த காகமும் வாத்தும் சுத்தமான பறவைப் படங்கள்தான், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. நீங்கள் இணையத்தில் அதிகம் பார்த்தது அவையாக இருந்தால் அலங்காரம் என்று தோன்றுவது இயல்பு.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்தத் தாள்களில் ஓவியர் கையெழுத்து இருக்கும், பதிப்பாளர் முத்திரை இருக்கும். பூனையின் மீசை முடியைச் செர்ரி மரத்தில் செதுக்கியவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும், தேய்த்து அச்சிட்டவர் பெயர் அதைவிட அபூர்வம். எங்கள் லேபிள்களிலும் அச்சகத்தின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும், வரைந்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. இப்போது அந்தக் கிளியை ஸ்கேன் செய்து டீ-ஷர்ட்டில் போட்டு "ரெட்ரோ" என்று விற்கிறார்கள். எனக்கு ஒரு பைசா வந்ததில்லை, கேட்டால் "பொதுச் சொத்து அங்கிள்" என்கிறார்கள். பூனை என்றதும் இன்னொன்று: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தெருப்பூனைக்குச் சோறு வைத்தால் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸில் பூனைப் படமும் போட்டிருக்கிறார்கள், இணையத்திலிருந்து எடுத்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் இரண்டின் தளங்களிலும் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெளுத்திப் படங்களிலிருந்து தொடங்குங்கள், மூலைகளை விடாதீர்கள். எம்போஸ் மட்டும் திரையில் தெரியாது. அதற்கு நேரில் போய்ப் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், காவலாளி முறைத்தாலும் பரவாயில்லை.