லக்சரில் ஒரே ஒரு பகல்: எந்தக் கல்லறை, எந்தக் கோயில்?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு எகிப்துக்குப் போகிறோம். லக்சரில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். அதில் ஆறு இடங்களைக் காட்டிவிடுவதாகப் பயண ஏற்பாட்டாளர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். மாமனாருக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டுமா? வழிகாட்டி இல்லாமல் நாங்களே சுற்றிப் பார்க்க முடியாதா?

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஒரு பகலில் ஆறு இடம் என்றால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது வேனின் ஜன்னலைத்தான். காலையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு, அதன் அருகிலேயே ஒரு கோயில், பிற்பகலில் கார்னாக் கோயில் வளாகம், இருட்டிய பிறகு லக்சர் கோயில். இவ்வளவு போதும். மெம்னன் சிலைகள் என்று பட்டியலில் ஓர் இடம் இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் அந்த இரண்டு பெரிய சிலைகளும் போகிற வழியில் சாலையோரமாகவே உட்கார்ந்திருக்கின்றன. கட்டணம் கிடையாது, பத்து நிமிடம் நின்றால் போதும்.

நைலின் கிழக்குக் கரையில் கார்னாக்கும் லக்சர் கோயிலும் இருக்கின்றன. பொழுது சாயும் மேற்குத் திசை இறந்தவர்களுக்கு உரியது என்று பழைய எகிப்தியர்கள் நம்பியதால், கல்லறைகளும் மன்னர்களின் நினைவுக் கோயில்களும் மேற்குக் கரையில். வாகனம் கடக்கும் பாலம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே காலையில் மேற்கே போனால் அங்குள்ள வேலையை எல்லாம் முடித்துக்கொண்டு ஒரே தடவையாகத் திரும்புங்கள். "முதலில் கார்னாக், பிறகு கல்லறை, மறுபடி லக்சர் கோயில்" என்று எழுதியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மன்னர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கிறது. ஏழு மணிக்குள் உள்ளே இருந்தால் கூட்டத்துக்கு முன்பாக இரண்டு கல்லறைகளையாவது நிம்மதியாகப் பார்க்கலாம். வாசலிலிருந்து கல்லறைகள் வரை மின்சார வண்டி உண்டு, மாமனாரை அதில் ஏற்றிவிடுங்கள். டிக்கெட் கவுன்டரில் கார்டு கேட்பார்கள், ரொக்கத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆனால் சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும், அது இனாமுக்கு, அங்கே சொல்வதுபோல் பக்‌ஷீஷுக்கு. கல்லறைக் காவலர் தானாக வந்து ஒரு சுவரைக் காட்டினாலே அதற்கு ஒரு விலை உண்டு.

அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் எந்த நாளிலும் சிலவற்றைத்தான் திறந்து வைத்திருப்பார்கள். பார்வையாளர்களின் மூச்சும் வியர்வையும் ஓவியங்களைக் கெடுப்பதால் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, அரசரின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தரையின் சரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான்காம் ராம்செஸின் கல்லறை, பலகையில் 2ஆம் எண், மாமனாருக்கு ஏற்றது. அகலமான, நேரான பாதை, சரிவும் அதிகமில்லை. பிற்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் அதற்குள் குடியிருந்து சுவரில் எழுதி வைத்த எழுத்துகளையும் பார்க்கலாம். திறந்திருந்தால் மூன்றாம் ராம்செஸின் கல்லறைக்கும் (11ஆம் எண்) போங்கள். உள்ளே போகும் பாதை ஓரிடத்தில் சட்டென்று பக்கவாட்டில் விலகும். குடைந்துகொண்டு போனவர்கள் பக்கத்துக் கல்லறைக்குள் இடித்துவிட்டதால் வந்த விலகல் அது. மெர்னெப்தாவின் கல்லறை (8ஆம் எண்), மூன்றாம் துட்மோசின் கல்லறை (34ஆம் எண்) இரண்டையும் மாமனார் வெளியே நிழலில் உட்கார்ந்திருக்க, இளையவர்கள் மட்டும் பார்க்கலாம். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும்.

இனி துட்டன்காமன். என் கருத்து, தனி டிக்கெட் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் அதை ஐந்தாம், ஆறாம் ராம்செஸ்களின் கல்லறைக்கு (9ஆம் எண்) எடுங்கள். துட்டன்காமனின் கல்லறை மிகச் சிறியது, ஓவியம் இருப்பது சவப்பெட்டி வைத்த அறையில் மட்டும். 1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த கல்லறையின் பொருள்கள் இப்போது கீசாவில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கெய்ரோவில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கல்லறையில் எஞ்சியிருப்பது மன்னனின் பதப்படுத்திய உடலும் அதற்கான கல்பெட்டியும்தான். அந்த உடலை நேரில் காண வேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டால் போங்கள், தவறில்லை. 9ஆம் எண்ணின் கூரையில் வான்தேவி நூத் இரண்டு முறை நீண்டு படுத்திருக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடலுக்குள் வைத்திருந்து, காலையில் மீண்டும் பெற்றெடுக்கிறாள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால், துட்டன்காமனின் வாசலுக்கு மேலே கார்ட்டர் கண்டவை இந்தக் கல்லறைகளில் வேலை செய்த தொழிலாளர்களின் குடிசைகளின் எச்சங்கள். அப்படிப் புதைந்து கிடந்ததால்தான் அந்தச் சிறிய கல்லறை பிற்காலத் திருடர் கண்ணில் படாமல் தப்பியது.

முதலாம் சேத்தியின் கல்லறைதான் எல்லாவற்றிலும் அழகு என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 137 மீட்டர் நீளம், ஏராளமான படிகள், டிக்கெட் விலையும் மிக அதிகம். இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

பள்ளத்தாக்குக்குப் பிறகு எல்லோரும் பெண் மன்னர் ஹட்ஷெப்சுட்டின் கோயிலுக்குப் போவார்கள். செங்குத்தான பாறையடியில் மூன்று அடுக்காக எழும் அந்தக் கோயில் தொலைவிலிருந்து பார்க்கவே அற்புதம். பன்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி வாசனை மரங்களை வேரோடு கொண்டுவந்த காட்சி அதன் சுவரில் இருக்கிறது. ஆனால் நீண்ட சாய்தளங்கள், நிழலே இல்லாத முற்றம். முழங்கால் வலிக்காரருக்கு நான் மெதினெத் ஹபு கோயிலைத்தான் சொல்வேன். மூன்றாம் ராம்செஸ் கட்டியது. பெரும்பாலும் சமதரை, கூட்டம் குறைவு, தூண்களின் மேற்பகுதியிலும் கூரையிலும் பழைய வண்ணம் இன்னும் பளிச்சென்று நிற்கிறது. வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவியலாகக் கொட்டி எழுத்தர்கள் எண்ணும் காட்சியைத் தேடிப் பாருங்கள். அந்த மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், கல்லறைகளைக் குடையும் தொழிலாளர்கள் கூலித் தானியம் வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டு நினைவுக் கோயில்களின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக இதைச் சொல்வார்கள். அதைக் குறித்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது.

வழிகாட்டி வேண்டுமா என்றால், வேண்டும். கல்லறைகளுக்குள் அவர் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை, வெளியிலேயே படத்தைக் காட்டிச் சொல்லி அனுப்பிவிடுவார். அவர் பயன்படுவது கார்னாக்கில்தான். உரிமம் பெற்றவரா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, கடைகளுக்கு அழைத்துப் போகக் கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலபாஸ்டர் சிலைக் கடையும் பாப்பிரஸ் கடையும் அவருக்குக் கமிஷன் தரும் இடங்கள். வாழைநாரில் செய்த "பாப்பிரஸ்" அங்கே தாராளமாகக் கிடைக்கும். என் முதல் பயணத்தில் ஒரு சிலைக் கடையில் ஒன்றரை மணி நேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கார்னாக்கை அடைந்தபோது காவலர் வாயிலை மூடிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இரண்டு, இரண்டரை மணிக்குள் கார்னாக்கில் இருங்கள். முதல் கோபுரவாயிலைத் தாண்டியதும் எல்லோரும் நேராக ஓடுவார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்பி, வாயிலின் பின்புறம் சாய்ந்து கிடக்கும் மண்செங்கல் மேட்டைப் பாருங்கள். கல்லை மேலே ஏற்றுவதற்காக எழுப்பிய சாரம் அது. வாயில் கட்டி முடிக்கப்படவே இல்லை, அதனால் சாரத்தையும் யாரும் பிரிக்கவில்லை. அதன் பிறகு 134 தூண்கள் உள்ள மண்டபம். நடுவில் உள்ள பன்னிரண்டும் 21 மீட்டர் உயரம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அங்கே வழிகாட்டியையும் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

வழியில் ஒரு கேள்வியை வழிகாட்டியிடம் போடலாம்: கிஃப்ட் என்ற ஊர் எந்தப் பக்கம்? லக்சருக்கு வடக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள அந்த ஊர்தான் பழைய கோப்டோஸ். செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய இந்தியச் சரக்கு பாலைவனம் கடந்து அங்கேதான் நைலை அடைந்தது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான குசேர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், பெரெனிகேயில் ஒரு ஜாடி நிறைய, ஏழரைக் கிலோ கருமிளகும் கிடைத்திருக்கின்றன.

லக்சர் கோயில் விளக்கு போட்ட பிறகும் திறந்திருக்கும் என்பதால் அதைக் கடைசிக்கு வைக்கிறேன். நேரத்தை மட்டும் அன்று காலையே உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் சிறியது, தரை சமம். வாசலில் இருந்த இரண்டு ஒற்றைக்கல் தூண்களில் ஒன்று 1836 முதல் பாரிஸில் நிற்கிறது. உள்ளே முதல் முற்றத்தில் அண்ணாந்து பார்த்தால், சுவரில் ஆள் உயரத்துக்கு வெகு மேலே அபு ஹகாக் மசூதியின் பழைய கதவு தொங்குவதுபோலத் தெரியும். மசூதி கட்டிய காலத்தில் கோயில் மண்ணில் புதைந்திருந்தது. அந்தக் கதவு அன்றைய தரைமட்டத்தில் இருந்தது. மாமனாரை அந்த முற்றத்தில் எங்காவது உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். தொழுகை நேரமாக இருந்தால் மேலிருந்து வரும் அழைப்பு அவருக்கு நன்றாகக் கேட்கும்.